பன்னிரண்டு தவறு

மாசிலாமணிக்குக் குரு கிடைத்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தெட்டு.

குருவின் பெயர் ரெபேக்காள். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே அறையுள்ள தொடக்கப் பள்ளியின் ஆசிரியை. மாசிலாமணி அதே தோட்டத்து ஆபீஸில் பதினேழு வருஷம் டைப் அடித்தவர். ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அவரை அனுப்பிவிட்டார்கள். எப்போதோ படித்த ஆசிரியர் பயிற்சியின் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். இரண்டாவது வாத்தியார் இடம் வெகுநாளாகக் காலி.

"பாடம் நடத்தியிருக்கீங்களா சார்?"

"இல்ல டீச்சர்."

"பிள்ளைகளோட பேசிப் பழக்கம் உண்டா?"

"எனக்குப் பிள்ளை இல்ல."

"அப்ப கொஞ்ச நாள் கடைசி பெஞ்சுல உட்காருங்க."

உட்கார்ந்தார். முழங்கால் பெஞ்சில் இடித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் கேட்டார்.

"டீச்சர், இங்கிலீஷ்ல பெரிய எழுத்து எங்க போடணும், புள்ளி எங்க வைக்கணும்னு எனக்கு நல்லாத் தெரியும். அதை எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்றது?"

மறுநாள் ரெபேக்காள் போவாஸ் என்ற பையனை எழுப்பினார்.

"நேத்துப் பள்ளிக்கூடம் விட்டதுலேர்ந்து என்னென்ன செஞ்சே? சொல்லு. ஆனா நிறுத்தக் கூடாது. மூச்சு விடாமச் சொல்லணும்."

"வீட்டுக்குப் போனேன் டீ குடிச்சேன் ஆட்டைப் பிடிச்சுக் கட்டினேன் தம்பி அழுதான் தூக்கினேன் அம்மா வந்தாங்க அட்டை கடிச்சிருந்துது உப்பு வச்சேன் அப்பா..."

அவன் முகம் சிவந்தது. இருமினான். வகுப்பே சிரித்தது.

"எங்க மூச்சு முட்டுச்சு?"

"அப்பா கிட்ட டீச்சர்."

"அதுக்கு முன்னாலேயே நிறுத்தி ஒரு மூச்சு வாங்கியிருக்கலாம்ல?"

"வாங்கியிருக்கலாம் டீச்சர்."

"எங்க எங்கன்னு பார்த்துச் சொல்லு."

அவன் மறுபடி சொன்னான். ஒவ்வொரு இடத்திலும் நின்றான். அவன் நின்ற இடத்திலெல்லாம் அவர் கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்தார். எட்டுப் புள்ளி ஆயிற்று.

அதற்கு மறுநாள் பெரிய எழுத்து. ரெபேக்காள் ஒரு கதை சொல்லத் தொடங்கினார். கதையில் யார் பெயர் வருகிறதோ அந்தப் பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். போவாஸ் நின்றான். லில்லி நின்றாள். கரடி வந்தது, யாரும் நிற்கவில்லை. "கரடி பேரு இல்லையா டீச்சர்?" என்றது ஒரு பிள்ளை. "எல்லாக் கரடிக்கும் கரடிதானே. அதுக்குன்னு தனியா ஒரு பேர் வச்சா அதுவும் நிக்கும்" என்றார். பிள்ளைகள் உடனே அதற்கு ராஜ்குமார் என்று பேர் வைத்தார்கள்.

"அப்புறம் அந்தப் பக்கமா மாசிலாமணி சார் வந்தாரு" என்றார் ரெபேக்காள்.

வகுப்பு காத்திருந்தது.

"சார், உங்க பேரு வந்துது."

மாசிலாமணி எழுந்தார். முழங்கால் மறுபடி இடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசியாக எப்போது தனக்கு யாராவது கைதட்டினார்கள் என்று அவருக்கு நினைவில்லை.

ஒரு மாதம் கழித்து அவரும் பாடம் எடுக்கத் தொடங்கினார். நன்றாகவே எடுத்தார். நாலு கோடு போட்ட நோட்டுகளைச் சிவப்புப் பென்சிலால் திருத்துவார். தவற்றின் மேல் சரியான எழுத்தை எழுதுவார். பக்கத்தின் அடியில் எத்தனை தவறு என்று எழுதி, 'பத்து தடவை எழுதுக' என்று முடிப்பார்.

"பேருன்னா முதல் எழுத்து பெருசு" என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார். "யார் பேரா இருந்தாலும்."

செவ்வந்தி கையைத் தூக்கினாள். கொழுந்து பறிக்கும் வேலாயியின் மகள்.

"யாரா இருந்தாலுமா சார்?"

"ஆமா."

"மேனேஜர் துரைக்கும் எங்கம்மாவுக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான். அதுல வித்தியாசமே கிடையாது."

"ஆனா சார், அம்மா பேருக்கு முதல் எழுத்து பெருசும் சின்னதும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

உண்மைதான். ஆங்கிலத்தில் வேலாயிக்கு முதலில் வருவது 'வி'. பெரியதானாலும் சின்னதானாலும் அதே இரண்டு சாய்ந்த கோடு. மாசிலாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மாதத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"உருவம் ஒண்ணுதான். உயரம் வேற. பெரிய எழுத்துன்னா மேல்கோட்டைத் தொடணும். சின்ன எழுத்து நடுவுலயே நின்னுடும். எங்க, எழுதிக் காட்டு."

அவள் எழுதினாள். மேல்கோட்டைத் தொட்டது. அவர் தன் சிவப்புப் பென்சிலின் பாதியை உடைத்து அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

அன்று மாலை பூட்டைப் போட்டுக்கொண்டே ரெபேக்காள் சொன்னார்:

"வித்தியாசமே கிடையாதுன்னு சொன்னீங்களே, அது புத்தகத்துல இல்ல சார்."

"தப்பா டீச்சர்?"

"சரிதான். நானும் பல தடவை சொல்ல நினைச்சிருக்கேன். சொன்னதில்ல."

அவருக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

அந்தத் தோட்டத்தில் தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரம் ஆக்குவது அபூர்வம். நிரந்தரம் ஆனால் தோட்டம் வரிசையாகக் கட்டிவைத்த லைன் வீடுகளில் சொந்தப் பெயரில் ஒன்று உண்டு. காய்ச்சலில் படுத்தாலும் சம்பளம் உண்டு. வேலாயி ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். அண்ணன் வீட்டு அடுப்படியில் மகளோடு படுத்துக்கொண்டிருந்தாள். அண்ணி தினமும் பாத்திரத்தை ஓசையோடு வைப்பாள்.

அந்த வருஷம் பட்டியல் வந்தது. பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது பெயர் வேலாயி. காலையில் ஆட்கள் வரிசையில் நிற்கும் இடத்தில், பலகையில் ஒட்டியிருந்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் படித்துச் சொன்னார். வேலாயி தன் பெயர் எது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள்.

பள்ளி விட்டதும் செவ்வந்தி அம்மாவின் பெயரைப் பார்க்க ஓடினாள்.

பட்டியலில் மேலே மேனேஜரின் பெயர். அது சரியாக இருந்தது. முதல் எழுத்து பெரிது; இனிஷியலுக்குப் பின் புள்ளி. அதற்குக் கீழே இருந்த பன்னிரண்டு பெயர்களும் சின்ன எழுத்தில் தொடங்கின. இனிஷியலுக்குப் புள்ளி இல்லை.

அவள் புத்தகப் பையிலிருந்து பாதிப் பென்சிலை எடுத்தாள். கல் ஒன்றைப் போட்டு ஏறி நின்றாள். ஒவ்வொரு சின்ன எழுத்தையும் அடித்து, மேலே பெரியதாக எழுதினாள். புள்ளி இல்லாத இடங்களில் புள்ளி வைத்தாள். அம்மா பெயரின் முதல் எழுத்தை மற்றவற்றைவிட உயரமாகப் போட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, மேனேஜரின் கையெழுத்துக்குக் கீழே தமிழில் எழுதினாள்:

'பன்னிரண்டு தவறு. பத்து தடவை எழுதுக.'

மறுநாள் காலை அந்தக் காகிதம் மேனேஜரின் மேஜைக்குப் போனது. யார் வேலை என்று கண்டுபிடிக்க அரை நாள் கூட ஆகவில்லை. அவளே எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

மூன்றாம் நாள் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். எழுத்துகள் பழையபடியே இருந்தன. பெயர்கள் பதினொன்று.

வேலாயி வேலையைப் பாதியில் விட்டு, கொழுந்துக் கூடையோடு பள்ளிக்கு வந்தாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக மகளிடம் போய் முதுகில் அறைந்தாள். இன்னொரு அறை. கூடையிலிருந்து கொழுந்து தரையெங்கும் சிந்தியது.

"ஒன்பது வருஷம்டி" என்றாள். "ஒன்பது வருஷம்."

மாசிலாமணி குறுக்கே வந்தார். "அம்மா, நான்தான் அவளுக்கு..."

"யார் சொல்லிக் கொடுத்தீங்கன்னு நான் கேட்கல சார். சொல்லிக் கொடுக்கிறது உங்க வேலை. எங்க பேரு எங்க எப்படி இருந்தா எங்களுக்கு என்ன? இருந்துச்சுல்ல? அது போதும்ல?"

மகளை இழுத்துக்கொண்டு போனாள். சிந்திய கொழுந்தைப் பிள்ளைகள் பொறுக்கி மேஜைமேல் வைத்தார்கள். அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

மாலையில் மாசிலாமணி தன் பழைய ஆபீஸுக்குப் போனார். ஹெட் கிளார்க் பத்மநாபன் உட்காரச் சொல்லவில்லை.

"தப்பு என்னோடது சார். நான்தான் பெயருக்குப் பெரிய எழுத்துன்னு சொல்லிக் கொடுத்தேன். பிள்ளை அதைச் செஞ்சிருக்கு. அவங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"பிள்ளை செஞ்சது சரின்னு சொல்றியா?"

"இலக்கணப்படி சரிதான் சார்."

பத்மநாபன் சிரித்தார். அலமாரியைத் திறந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துப் போட்டார். மஞ்சளாகிப்போன பட்டியல்கள். எல்லாம் டைப் அடித்தவை. எல்லாப் பெயர்களும் சின்ன எழுத்தில்.

"இதெல்லாம் யார் அடிச்சது?"

மாசிலாமணி பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தினது இதைப் பார்த்துத்தான். இந்த ஆபீஸ்ல இப்படித்தான் வழக்கம்னு நினைச்சுட்டோம். பதினேழு வருஷம் உன் இலக்கணம் எங்க போச்சு மாசிலாமணி?"

அவர் வெளியே வந்தார். பனி இறங்கியிருந்தது. பள்ளி வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ரெபேக்காள் இன்னும் போகவில்லை. வாசலில் நின்று பிள்ளைகள் பொறுக்கி வைத்த கொழுந்தை ஒரு துணியில் கட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பட்டியல்ல பேரைச் சின்னதா எழுதறது நான் பழக்கினது."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஏழு வருஷம் முன்னால, பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகை வேணும்னு ஆபீஸுக்கு எழுதினேன். பதில் வந்துது. டைப் அடிச்ச காகிதம். என் பேரு சின்ன எழுத்துல ஆரம்பிச்சுது. அடியில டைப் அடிச்சவர் பேருக்குப் பதிலா ரெண்டு எழுத்து இருந்துது. உங்க எழுத்து."

அவர் சுண்டு விரலைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏன் சார் அப்படி அடிச்சீங்க?"

"பெரிய எழுத்துக்கு ஷிஃப்ட் கீயை அமுக்கணும் டீச்சர். பழைய மெஷின். சுண்டு விரல்ல அமுக்கி அமுக்கி வலிக்கும். ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு பேர்."

"துரை பேருக்கு?"

"அதுக்கு அமுக்குவேன்."

"அப்ப வலிக்காதா?"

மாசிலாமணி அதை விட்டுவிட்டு வேறு கேட்டார்: "அந்தக் கடுதாசியைப் பார்த்து நீங்க என்ன பண்ணீங்க டீச்சர்?"

"என்ன பண்ணினேன்? கரும்பலகை தர்றதா எழுதியிருந்துது. வாங்கிக்கிட்டேன்." ரெபேக்காள் துணி முடிச்சை இறுக்கினார். "அந்தப் பலகையிலதான் உங்களுக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினேன்."

செவ்வந்தி எட்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஒன்பதாம் நாள் ரெபேக்காள் வேலாயியின் அண்ணன் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று தெரியாது. மூன்று மணி நேரம் அந்த அடுப்படியில் உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். மறுநாள் செவ்வந்தி வந்தாள். தலையை இறுக்க வாரியிருந்தது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கையைத் தூக்கவே இல்லை. போவாஸ் இடைவேளையில் "பன்னிரண்டு தவறு" என்று கேலி செய்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மாசிலாமணியின் பாடம் மாறிவிட்டது. "பேருக்குப் பெரிய எழுத்து" என்று சொல்லும்போது குரல் தணிந்தது. ஒருநாள், "இதெல்லாம் நோட்டுக்கு மட்டும்தான். வெளியில யார் எப்படி எழுதினாலும் நாம தொடக் கூடாது" என்றார். பிள்ளைகள் அதையும் மற்ற விதிகளைப்போலவே கேட்டுக்கொண்டார்கள். ரெபேக்காள் பக்கத்து வரிசையில் இரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கணம் நிறுத்தினார். பிறகு கணக்கைத் தொடர்ந்தார்.

அந்த வாரம் மாசிலாமணி இங்கிலீஷில் ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார். உன் பெயர், உன் தோழியின் பெயர், உன் ஊர், உன் ஆசிரியர், உன் அம்மா.

செவ்வந்தியின் நோட்டில் எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொரு வாக்கியமும் பெரிய எழுத்தில் தொடங்கிப் புள்ளியில் முடிந்தது. அவள் பெயர், லில்லி பெயர், ஊர் பெயர், எல்லாம் மேல்கோட்டைத் தொட்டன. 'மாசிலாமணி' கூடச் சரியாக நின்றது.

கடைசி வாக்கியத்தில் வேலாயி மட்டும் சின்ன எழுத்தில் தொடங்கினாள். நடுக்கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டாள்.

அவர் கடைசி பெஞ்சுக்குப் போய்க் குனிந்தார்.

"மறந்துட்டியாம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

"அம்மாதான் சொன்னாங்க. பெருசா எழுதினா கண்ணுல படுமாம். அடுத்த லிஸ்ட்டு வர்ற வரைக்கும் சின்னதாவே இருக்கட்டுமாம்."

"நோட்டுல எழுதினா யார் பார்க்கப்போறாங்க?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

மாசிலாமணி நோட்டை எடுத்துக்கொண்டு ரெபேக்காளிடம் வந்தார். மேஜைமேல் விரித்து வைத்தார். விரல் வைத்துக் காட்டவில்லை. ரெபேக்காளுக்குக் காட்டத் தேவையும் இருக்கவில்லை.

"இதைத் தப்புன்னு போடறதா டீச்சர்?"

"எழுத்து தப்புதானே."

"தப்புன்னு போட்டா, அவ அம்மா சொன்னதைத் தப்புங்கிறேன். போடாம விட்டா, நானே மறுபடி பழையபடி டைப் அடிச்ச மாதிரி ஆகுது. எனக்கு வழி தெரியல. உங்களை மாதிரி நல்ல வாத்தியாரா இருந்தா என்ன செய்வாங்க?"

"நல்ல வாத்தியாரை நான் பார்த்ததில்ல. நான் அன்னைக்குக் கரும்பலகை வாங்கிக்கிட்டவ."

"சும்மா விட்டுடட்டுமா?"

"வேண்டாம். திருத்துங்க."

"அவ அம்மாவுக்கு..."

"திருத்துங்க சார். ஆனா இங்க என் மேஜையில வச்சுத் திருத்தாதீங்க. போய் அவ பக்கத்துல உட்கார்ந்து, அவ பார்க்கத் திருத்துங்க. அப்ப அவ உங்களை ஒரு பார்வை பார்ப்பா. அதையும் வாங்கிக்கிட்டு, நாளைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க."